அம்மாவின் படத்தில் ஒட்டிய சிவப்பு அம்பு

நம் வீட்டு முன்னறையில், டிவிக்கு மேலே, உங்கள் அம்மாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. வருகிற ஆட்கள் எல்லாம் அதை இரண்டு தரம் பார்ப்பார்கள். முகம் மார்கழிப் பனிக்குள் நிற்பதுபோல மங்கலாக இருக்கும். கழுத்து மட்டும் கையால் தொடலாம்போலத் தெளிவாக இருக்கும். அது போதாதென்று கன்னத்தின் மேல் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர்.

சின்னவன் ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி அந்த அம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தான். கண்ணாடிக்கு உள்ளே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் ஏமாந்து இறங்கினான். பெரியவள் போன வாரம் சிநேகிதிகளைக் கூட்டி வந்தபோது, எங்கப்பா போட்டோகிராபர்தான், ஆனால் இந்தப் படத்தை அவர் எடுக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தது என் காதில் விழுந்தது. கண்ணு, அதை எடுத்தது நான்தான். எடுத்த கேமராவும் லேசுப்பட்ட கேமரா இல்லை. நான் பத்தாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் வாயால் சொன்னால் பாதியில் டிவி பக்கம் போய்விடுவீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் என் தொழில். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில் நமக்கு ஸ்டுடியோ இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே நான் ஆட்களைப் படம் பிடிப்பதில்லை. துணியைப் பிடிக்கிறேன். வெளிநாட்டுக்குப் போகிற டி-சர்ட், குழந்தைகள் போடும் ஜப்லா, ராத்திரி உடுப்பு, இவைதான் என் முன்னால் வந்து நிற்கிற ஆட்கள். அவர்களுக்குத் தலை கிடையாது. பொம்மை மேல் மாட்டுவோம், முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துச் சுருக்கம் எடுப்போம், பிசிறு இருந்தால் கத்தரிப்போம், படம் பிடித்த பிறகு கம்ப்யூட்டரில் பொம்மையையும் அழித்துவிடுவோம். காற்றே போட்டுக்கொண்டு நிற்பதுபோல உடுப்பு மட்டும் நிற்கும்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கேமராவின் கூர்மையை முதலில் கழுத்தில் வைக்க வேண்டும். பனியனில் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது கழுத்துப் பட்டியைத்தான். அதை ரிப் என்போம். ரிப் நெளிந்திருக்கிறதா, தையல் ஓடியிருக்கிறதா, லேபிள் நேராக இருக்கிறதா, எல்லாம் கழுத்தில்தான் தெரியும். கழுத்தை எதுவும் மறைக்கக் கூடாது. மறைத்தால் படம் திரும்பி வரும். வருடக் கணக்கில் இதையே செய்து செய்து, ரோட்டில் எதிரே ஒருவர் வந்தாலும் என் கண் முதலில் அவர் சட்டைக் கழுத்தில்தான் போய் நிற்கும். முகம் அப்புறம்தான். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களை நான் அடையாளம் தெரியாமல் முழிப்பதற்கு அதுதான் காரணம். தலைக்கனம் என்று உங்கள் மாமன் சொல்வதை நம்ப வேண்டாம்.

இனி உங்கள் அம்மா. அவள் செக்கிங் பகுதியில் வேலை பார்க்கிறவள். தைத்து வருகிற ஒவ்வொரு பீசையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். எங்கே குறை இருக்கிறதோ அங்கே அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். நல்ல பீஸ் ஒரு பக்கம் போகும். சரிசெய்யக்கூடியது ஆல்டர் என்று திரும்பத் தையலுக்குப் போகும். சரிசெய்ய முடியாதது ரிஜெக்ட்; அது செகண்ட்ஸ் என்று நம் ஊரிலேயே மலிவாகப் போகும். வீட்டிலும் அவளுக்கு அதே கண்தான். என் சட்டையில் பொத்தான் தொங்கினால் நான் சாப்பிட்டுக் கைகழுவி வருவதற்குள் அதன்மேல் அம்பு இருக்கும். அவள் போனின் முதுகில் எப்போதும் நாலைந்து அம்பு ஒட்டியிருப்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. ஊத்துக்குளியிலிருந்து உங்கள் மாமன் வந்து ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்தார். ஆபரேஷன் அறைக்குள் அவளைக் கொண்டுபோனதும் அந்தப் பெரிய மீசைக்காரர் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவரைச் சமாதானம் செய்வதிலேயே எனக்குப் பொழுது போய்விட்டது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்று பரிசோதனையில் வந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அதோடு சரி. ஆனால் கழுத்தின் குறுக்கே ஒரு தழும்பு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு உங்கள் அம்மா ஷாலைக் கழுத்தைச் சுற்றிப் போட ஆரம்பித்தாள். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். சேலை கட்டினால் முந்தானையை இழுத்துக் கழுத்தோடு பின் குத்திக்கொள்வாள். போட்டோ என்றால் ஆளே இருக்க மாட்டாள். கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எல்லோரும் சேர்ந்து நின்று படம் எடுத்தார்கள் அல்லவா, அதில் அவள் பொரித்தட்டைக் கழுத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பொரி மேல் அவ்வளவு ஆசையா என்று அங்கே கேலி செய்திருக்கிறார்கள். வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். ஆனால் பெரியவள் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் கேட்டார்கள் என்று வந்து நின்றபோது, வீடு முழுக்கத் தேடியும் ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த அம்மா படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பனியன் படம் வண்டி வண்டியாகக் கிடந்தது. அன்றைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எப்படியாவது இவளை ஒரு படம் பிடித்துவிட வேண்டும், அதுவும் அவள் மனம் நோகாமல், என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி. கேட்கத் தைரியம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கேமரா கம்பெனிக்காரர் வந்தார்.

கல்யாண வீட்டுக்காரர்கள் தோளில் மாட்டிக்கொள்கிற சின்னக் கேமராக்களைச் செய்துகொண்டிருந்த வெளிநாட்டுக் கம்பெனி அது. போனிலேயே எல்லோரும் படம் பிடிக்க ஆரம்பித்ததும் அந்தச் சின்னக் கேமராக்களை வாங்க ஆளில்லாமல் போய்விட்டது. நம் ஊரில் வெள்ளைப் பனியன் மட்டும் போட்டுக்கொண்டிருந்த கம்பெனிகள், போட்டி தாங்காமல் ஒருநாள் துணிந்து ஏற்றுமதிக்கு இறங்கியதைக் கேட்டிருப்பீர்கள். அதே கதைதான். இந்தக் கம்பெனியும் துணிந்து மேலே ஏறியது. மும்பை, டெல்லியில் நகைக்கும் காருக்கும் விளம்பரப் படம் எடுக்கிறவர்கள் வைத்திருக்கும் பெரிய ரகக் கேமராவை மீடியம் பார்மட் என்பார்கள். அந்தச் சந்தையில் ஏற்கெனவே பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே இவர்கள் புதிதாகக் கடை விரிக்கிறார்கள்.

கேமராவுக்குள் படம் விழுகிற சில்லு ஒன்று இருக்கும். சாதாரணக் கேமராவில் அது தபால்தலை அளவு. இதில் ஏறக்குறையத் தீப்பெட்டி அளவு. அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்கு முதலில் தோன்றியது. சில்லு பெரிதானால் நூல் நூலாகத் தெரியும், தோலின் நிறம் தோலின் நிறமாகவே வரும், ஓர் இடம் கூர்மையாக நின்றால் அதற்கு நாலு விரல் முன்னாலோ பின்னாலோ இருப்பதுகூட மென்மையாகக் கரைந்துவிடும் என்றார் வந்தவர். சென்னைக்காரர். என்னைவிட வயதில் சின்னவர். வாய்க்கு வாய் அண்ணா என்றார்.

திருப்பூரில் அவினாசி ரோட்டில் ஒரு மண்டபம் பிடித்து, எக்ஸ்போர்ட்காரர்களையும் போட்டோகிராபர்களையும் கூப்பிட்டு இந்தக் கேமராவைக் காட்டப் போகிறார்களாம். அங்கே சுவரில் மாட்ட இந்த ஊர்ப் படமாக இரண்டு வேண்டுமாம். ஒன்று பனியன், ஒன்று முகம். நான் வழக்கமாகச் சாமான் வாங்குகிற கேமரா கடைக்காரர் என் பேரைச் சொல்லி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை காலையில் பெட்டியோடு கேமராவைக் கொடுத்துவிட்டு, திங்கள் காலை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

"என்னை நம்பி இவ்வளவு பெரிய சாமானை உட்டுட்டுப் போறீங்களே" என்று கேட்டேன்.

"புதுசா மார்க்கெட்டுக்கு வர்றவன் சாம்பிள் குடுத்துத்தானே ஆகணும்ணா. உங்க ஊர்லதான் இதைச் சொன்னாங்க" என்றார். ஆள் பரவாயில்லை என்று பட்டது.

போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். முகம் எடுக்கும்போது லென்ஸின் வாயை முழுசாகத் திறந்து வைத்து எடுங்கள், அப்போதுதான் இந்தக் கேமராவின் அழகு தெரியும் என்றார். நான் வழக்கமாக லென்ஸின் வாயைச் சுருக்கித்தான் வைப்பேன். அப்போது முன்னால், பின்னால் எல்லாம் கூர்மையாக இருக்கும். துணிக்கு அதுதான் வேண்டும்.

சனிக்கிழமை பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஒரு குழந்தை ஜப்லா வாங்கி வந்து எடுத்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் ரிப்பின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக நின்றது. பழைய கேமராவில் ரிப் துணியை எடுத்தால் சில சமயம் படத்தில் தண்ணீர் அலை மாதிரி கோடு கோடாக விழுந்து உயிரை வாங்கும். இதில் அதுவும் இல்லை. கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பனியன் ஆயிற்று. முகத்துக்கு எங்கே போவது? நீங்கள் இரண்டு பேரும் லீவுக்கு ஊத்துக்குளியில் மாமன் வீட்டில் இருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெதுவாக உங்கள் அம்மாவிடம் பேச்சை எடுத்தேன். அவள் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, என்ற மூஞ்சியப் புடிச்சு என்ன பண்ணப் போறீங்க? இத்தன வருசமா தலையில்லாமத்தான புடிக்கறீங்க, அப்படியே புடிங்க" என்றாள்.

ஒரு நாளைக்குத்தான் இந்தக் கேமரா நம்மிடம் இருக்கும், இனிமேல் நம் கைக்கு வராது என்றேன். சுவரில் மாட்டுவதற்கு இல்லை, வேண்டாமென்றால் வேண்டாம், நமக்கு மட்டும் ஒன்று என்றேன். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றேன். கடைசியாகச் சொன்னதற்கு அவள் கை நின்றது. கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, சோறாக்கி வைத்துவிட்டு வருகிறேன் என்றாள்.

மத்தியானம் வந்தாள். ஊதா நிறச் சுடிதார், ஷால் வழக்கம்போலக் கழுத்தைச் சுற்றி. கீழே மெஷின்கள் நின்றிருந்தன, கட்டிடமே சத்தமில்லாமல் இருந்தது. பொம்மை நிற்கிற இடத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். விளக்கைச் சரிசெய்தேன். தோளில் துணி மடிந்திருந்தது, நீவிவிட்டேன். முதுகுப் பக்கம் தளர்வாக இருந்தது, கிளிப் போட்டு இழுத்தேன். "அட ஏனுங்க, நானென்ன டி-சர்ட்டா" என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே கழுத்தைச் சுற்றியிருந்த ஷாலை எடுத்து, இரண்டு பக்கமும் ஒழுங்காக விட்டேன்.

நான் யோசித்துச் செய்யவில்லை. கழுத்தை எதுவும் மறைக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கைக்குத் தெரியும். அந்தக் கை அதன் வேலையைச் செய்துவிட்டது. அவள் ஒரு கணம் தலையைக் குனிந்தாள். தடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அப்போது சரியாகக் கவனிக்கவே இல்லை. கம்பெனிக்காரர் சொன்னபடி லென்ஸை முழுசாகத் திறந்துவிட்டு, கூர்மையைக் குறிக்கிற சின்னக் கட்டத்தை நகர்த்திக்கொண்டிருந்தேன். அதுவும் எங்கே போக வேண்டுமோ அங்கே போய் உட்கார்ந்தது. கழுத்தில்.

எடுத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துச் சொன்னேன். அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிய பிறகுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. சுடிதாரின் கழுத்துப் பட்டி நூல் நூலாகத் தெரிந்தது. அதற்கு மேலே தழும்பு. ஓரம், நடு, தையல் போட்ட புள்ளிகள், தோல் சேர்ந்த இடத்தின் பளபளப்பு, ஒன்று விடாமல் தெரிந்தது. வீட்டில் தினமும் பார்க்கிற எனக்கே அது அவ்வளவு தெரிந்ததில்லை. முகமோ, கழுத்துக்கு நாலு விரல் முன்னால் இருந்த காரணத்தால், கரைந்து போயிருந்தது. கண் எது, புருவம் எது என்று தெரிந்ததே தவிர, அவள் பார்த்த பார்வை இல்லை.

திரையில் மங்கலாக இருந்தாலும் காகிதத்தில் சேர்ந்து வரும் என்று ஓர் ஆசையில் பிரிண்ட் போட்டேன். சேரவில்லை. இன்னும் மோசமாக இருந்தது. இத்தனை நாளாக எதை மறைத்து மறைத்து நடந்தாளோ, அதை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிக் கையில் கொடுக்கிற மாதிரி ஆகிவிட்டதே. இதைப் பார்த்தாளானால் இனி என்னிடம்கூட முகம் காட்ட மாட்டாள் என்று நினைத்தேன். காகிதத்தைத் திருப்பி மேஜை மேல் கவிழ்த்து வைத்தபோது படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. தூக்குப் போசியில் காபி கொண்டு வந்திருந்தாள்.

"எங்க, காட்டுங்க" என்றாள்.

சரியாக வரவில்லை என்றேன். கேமரா புதுசு, கை பழகவில்லை, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். இன்னொரு நாள் கேமரா நம்மிடம் இருக்காது என்று காலையில் சொன்னதும் நான்தான். அவள் காபியை ஊற்றி என் முன்னால் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"நா செக்கிங்காரிங்க. சரியா வந்துதா வல்லியான்னு நாந்தான் சொல்லோணும். கொண்டாங்க."

கொடுத்தேன். வேறு என்ன செய்வது. அவள் அதை ஜன்னலுக்கு எடுத்துப் போனாள். துணியைப் பிடிப்பது மாதிரியே இரண்டு கையாலும் மேல் ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் விரித்தாள். செக்கிங்கில் கழுத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு. அவள் கண்ணும் கழுத்தில்தான் போய் நின்றது. நின்றது நின்றபடி இருந்தது. நான் காபியைத் தொடவில்லை. சாம்பிளைக் கொடுத்துவிட்டு வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி நின்றேன். அவள் ஒரு விரலால் படத்தில் இருந்த தழும்பை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள்.

"கண்ணாடில பாக்கறப்ப இத்தன தெரியாதுங்க" என்றாள்.

படத்தை வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"கோணலா இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். நெம்ப நேரா இருக்குது. எங்கியும் இழுத்துப் புடிக்கல, சுருக்கம் இல்ல." திரும்பவும் விரலை வைத்துப் பார்த்தாள். "நல்ல டைலருங்க அந்த டாக்டரு."

சிரிப்பாளா அழுவாளா என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் இல்லை. வேலையில் இருக்கும்போது எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். கழுத்தை முடித்துவிட்டு மேலே போனாள். அங்கே புருவத்தைச் சுருக்கினாள். படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள், கிட்டே கொண்டுவந்தாள். போனை எடுத்துத் திருப்பி, முதுகில் இருந்த அம்பு ஒன்றைப் பிய்த்தாள். தழும்பு மேல்தான் ஒட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

கன்னத்தில் ஒட்டினாள். அம்பின் முனை கண்ணைக் காட்டியது.

"கழுத்துல ஒரு கொறையும் இல்லீங்க. மொகந்தான் செரியில்ல. என்ற கண்ணு இப்படியா இருக்குது? இத ஆல்டர் பண்ணுங்க."

கண்ணுகளா, எனக்கு ஆபரேஷன் அன்றைக்கு வராத அழுகை அப்போது வந்தது. பெட்டியில் லென்ஸ் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். "காபி ஆறுதுங்க" என்றாள். நான் குனிந்திருந்தது எதற்கென்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

அப்போதே திரும்ப விளக்கைப் போட்டேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை நான் கிட்டே போகவில்லை. ஷாலை அவளே கழற்றினாள். கழற்றி மடித்து என்னிடம் நீட்டினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"இப்ப எங்க பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

"கண்ணத்தான் பாக்கறேன் புள்ள."

"அப்பச் செரிங்க."

கட்டத்தை நகர்த்திக் கண்ணில் வைத்தேன். பழக்கம் இல்லாத இடம் என்பதால் விரல் தடுமாறியது. மத்தியானம் கவனிக்காமல் விட்ட அந்தப் பார்வை அங்கே அப்படியே இருந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் முகத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. "இன்னும் எத்தன நேரங்க, கண்ணு பூக்குது" என்று அவள் சொன்ன பிறகுதான் பட்டனை அமுக்கினேன்.

திங்கள் காலையில் கேமரா கம்பெனிக்காரர் வந்தார். ஜப்லாவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அடுத்து அம்மாவின் இரண்டு படங்களையும் பார்த்தார். இரண்டாவதைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றவர், முதலாவதைப் பெரிதாக்கியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தத் தழும்பு எவ்வளவு தெளிவாக வந்திருக்கிறது பாருங்கள், எங்கள் கேமராவுக்கு இதைவிட வேறு விளம்பரம் வேண்டாம், கதவு உயரத்துக்கு மண்டபத்தில் மாட்டுகிறேன் என்றார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவர் பார்த்தது கேமராவை. நான் என் பாட்டுக்கு முடிவு சொல்ல முடியாது என்றேன். வேலைக்குப் போகிற வழியில் அவள் மேலே வந்தாள். அவர் எழுந்து நின்று, அக்கா என்று கூப்பிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

உங்கள் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "தம்பி, மொகம் ஊட்டுக்குங்க. நீங்க பனியன வெச்சு வித்துக்குங்க" என்றாள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஜப்லாவை எடுத்துக் கொடுத்தேன்.

மண்டபத்தில் காட்டிய அன்று நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவள் மரூன் நிறச் சேலை கட்டியிருந்தாள். முந்தானை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கழுத்தில் தாலிக்கொடியைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஜப்லாவைச் சுவர் உயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். எதிரே மேஜையில் கேமரா, அதன்மேல் ஒரு விளக்கு. நம் ஊர்க்காரர்கள் வந்தார்கள். கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லோரும் படத்துக்கிட்டே போய்விட்டார்கள். ஒருவர் காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, துணியைத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி தேய்த்தார். நூல் எவ்வளவு மெல்லிசு, என்ன கவுண்ட் என்று கேட்டார் இன்னொருவர். வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய், வெள்ளை இன்னும் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும் என்று வெளுப்பில் குறை சொன்னார். ஒரு முதலாளி எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய் ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"ஊசிக்கோடு உழுந்திருக்குதுங்க. யாரு பீசுங்க இது?"

பின்னல் மெஷினில் ஓர் ஊசி கெட்டால் துணி நெடுக ஒரு மெல்லிய கோடு ஓடும். அதைத்தான் சொன்னார். உண்மையிலேயே ஓடியிருந்தது. எனக்கு ஜப்லா கொடுத்த பக்கத்துக் கம்பெனிக்காரர் அதே கூட்டத்தில் நின்றிருந்தார். மெதுவாக நழுவி ஜூஸ் இருக்கிற பக்கம் போய்விட்டார். சென்னைக்காரருக்கு முகமே தொங்கிவிட்டது. "கேமராவைப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கலையேணா" என்றார். படம் என்பதையே மறந்து துணியென்று நினைத்துக் குறை கண்டுபிடிக்கிறார்கள், அதற்கு மேல் ஒரு கேமராவுக்கு என்ன வேண்டும் என்றேன். கொஞ்சம் தெளிந்தார். பிறகு அதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உங்கள் அம்மா கடைசியாகத்தான் படத்துக்கிட்டே போனாள். கழுத்திலிருந்து ஆரம்பித்துக் கீழ் மடிப்பு வரை பார்த்தாள். திரும்பி வந்து என் காதில், "கை மடிப்புல பிசிறு உட்டுட்டீங்க" என்றாள்.

அந்தக் கம்பெனி இந்த ஊரில் எத்தனை கேமரா விற்றது என்று எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் ஒன்று இருக்கிறது, போன தீபாவளிக்கு முன்னால் பார்த்தேன். அதை வாங்குகிற நிலை நமக்கு இல்லை. பழைய கேமராவிலேயே ஓடுகிறது. ரிப் துணி வந்தால் இன்னும் அலை அடிக்கத்தான் செய்கிறது.

படங்கள் இரண்டையும் சட்டம் போட்டு வந்த அன்று, முகம் தெளிவாக இருக்கிறதை வீட்டில் மாட்ட ஆணி அடித்தேன். அம்பு ஒட்டிய படத்தை வெறுமனே வைத்திருக்கலாம் என்றுதான் சட்டம் போட்டிருந்தேன். அவள் என் கையிலிருந்து நல்ல படத்தை வாங்கிப் பழைய சேலையில் சுற்றினாள். அது ஊத்துக்குளிக்கு, அண்ணனுக்கு என்றாள். அன்றைக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதவர் இந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். அதுதான் மாமன் வீட்டுக் கூடத்தில் நீங்கள் பார்க்கிற படம். ஏன் நம் வீட்டில் இருப்பது மட்டும் இப்படி என்று இனிமேல் கேட்க மாட்டீர்கள்.

அந்தப் படம் போய், குறையுள்ளதா நம் வீட்டுக்கு என்று நானும் அன்றைக்குக் கேட்டேன். ஆணிக்கு நேராக நின்று, அம்பு ஒட்டிய படத்தைத் தன் கையாலேயே மாட்டினாள். சாய்ந்திருக்கிறதா என்று பின்னால் வந்து ஒரு தரம் பார்த்தாள். இந்த ஊரில் நாம் எல்லோரும் போட்டிருக்கிற பனியன் எது என்று உங்களுக்கே தெரியும்.

"நல்ல பீசு எப்பவும் வெளியூருக்குத்தானுங்களே போகும்" என்றாள். "செகண்ட்ஸ்தான் நமக்கு."